பழைய பாட்டில்... புதுப் பிணம்!

செல்போன் அலறியது.

அலறிய நேரம் சரியில்லை. காரை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு மாணவி. முன்னால் ஒரு தண்ணீர் லாரி. பின்னால் ஒரு பஸ். நடுவில், உயிரைக் கையில் பிடித்தபடி கியரக்கா!

"க்ளட்ச்... க்ளட்ச்சை மிதி! அது பிரேக்கும்மா! ஐயோ... ரெண்டையும் மிதிச்சுத் தொலை!"

கார் குலுங்கி நின்றது.

கியரக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். வயது நாற்பத்தைந்து. பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கார்டைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டார்கள். கணவன் போய்ச் சேர்ந்து பல வருடம். இருக்கிற ஒரே துணை, மாமனார்.

கூப்பிட்டதும் அவர்தான். அவள் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்ன மாமா?"

"அம்மாடி..." கிழவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மருந்து குடிச்சேம்மா... என்னமோ பண்ணுது... சீக்கிரம் வா..."

டொப்! எதுவோ விழும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"மாமா! மாமா!"

பக்கத்திலிருந்த மாணவி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வீலென்று கத்தினாள்.

"ஐயையோ! மருந்தைக் குடிச்சிட்டாராமே!"

நம் வீடுகளில் 'மருந்து சாப்பிட்டேன்' என்றால் ஜுரம். 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்றால் பாடை! அந்த மாணவி கத்தியதில் தப்பே இல்லை. ஆனால் அவள் கத்திய கத்தலில் தெருவே திரும்பியது. அன்று சாயங்காலத்துக்குள் ஏரியா முழுக்க அதே பேச்சு.

கியரக்கா அவளை இறக்கிவிட்டு வண்டியைப் பறக்கவிட்டாள். பலனில்லை.

மாமனார் அலமாரிக்குக் கீழே சரிந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு காலி விஸ்கி பாட்டில். அலமாரி பாதி திறந்திருந்தது. உள்ளே அதேபோல் இன்னும் ஐந்து... கழுத்தில் சிவப்பு மெழுகு முத்திரையோடு!

அவள் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாய் விட்டு அழுதாள்.

---

காரியமெல்லாம் முடிந்தது. பிரேதப் பரிசோதனை 'விஷம்' என்றது. காலி பாட்டில் லேபுக்குப் போனது. ரிப்போர்ட் வருவதற்குள்ளேயே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

தற்கொலை!

வக்கீல் வந்து உயிலை வாசித்தார். வீடு மூன்று பங்கு. அலமாரியில் இருக்கிற விஸ்கி பாட்டில்கள் மட்டும், 'என் மூத்த மருமகளுக்கு. அவள் இஷ்டம்.'

குடிக்காத மருமகளுக்கு விஸ்கி! வக்கீலே சிரிப்பை அடக்க இருமினார்.

அந்த பாட்டில்களுக்கு ஒரு கதை உண்டு. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருமுறை தண்ணீரில் விழுந்த ஒரு கப்பல் கேப்டனைக் குதித்துத் தூக்கினார். கேப்டன் நன்றிக்கடனாக ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். நாற்பது வருடமாக அந்தப் பெட்டிச் சரக்கு அலமாரியில். இன்றைக்கு அது பழம்பொருள். வாங்குகிறவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவான்!

வக்கீல் கிளம்பியதும் ஹாலில் குடும்பம் மட்டும் மிஞ்சியது. கியரக்காவைத் தவிர மொத்தமே மூன்று பேர்.

மச்சினன்... மாமனாரின் இளைய மகன். குடிக்காத நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறிக்கலாம். நாத்தனார்... ஒரே மகள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். அவள் புருஷன்... வீட்டு மாப்பிள்ளை. டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாத பேச்சு. வெற்றிலைகூடப் போடாத உத்தமர்!

மாப்பிள்ளைதான் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி... ஒரு விஷயம். சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல."

"சொல்லுங்கண்ணா."

"போன வாரம் மாமா என்கிட்ட சொன்னார். 'எல்லா பாட்டில்லயும் மருந்து கலந்து வெச்சிட்டேன் மாப்ளே. தக்கை வழியா ஊசியால ஏத்திட்டேன். எனக்கப்புறம் ஒரு பயலும் இதைக் குடிச்சுக் கெடக்கூடாது'ன்னார். விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சேன்... என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

மச்சினன் சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணி! அலமாரியை மூடுங்க அண்ணி! காத்துல வந்துடப் போவுது!"

"விஷம் காத்துல வருமாடா?"

"எனக்கு வரும் அண்ணி. என் ராசி அப்படி."

மாப்பிள்ளை எழுந்தார். "நீ ஒண்ணும் பயப்படாதே தங்கச்சி. பெட்டியோட என் வண்டியில ஏத்திவிடு. நானே கொண்டுபோய் எங்கயாவது கொட்டிட்டு வந்துடறேன். வீட்ல இருக்க வேணாம் அந்தச் சனியன்."

கியரக்கா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தபோது சொந்தமெல்லாம் சிரித்தது. 'தாலி அறுத்தவ ஸ்டியரிங் பிடிக்கிறாளாம்' என்று காதுபடப் பேசியது. அன்று மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவள் காரின் பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். 'ஓட்டும்மா. எவன் பல்லு தெரியுதோ அவன் வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சிட்டுப் போ' என்றார். அந்த மனுஷனா பயந்துகொண்டு செத்தார்? அந்த மனுஷனா தன் வீட்டுப் பெண்ணுக்கு விஷத்தைச் சொத்தாக எழுதி வைத்தார்?

அவளுக்கு உள்ளே ஏதோ திகுதிகுவென்று எரிந்தது.

"அண்ணா."

"சொல்லு தங்கச்சி."

"நான் கொட்டப் போறதில்லை."

"பின்னே?"

"குடிக்கப் போறேன்!"



---

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கட்டம் போட்டிருந்தது.

ஹாலில் இப்போது நாலாவதாக ஒரு ஆள். இன்ஸ்பெக்டர். கியரக்காவிடம் கார் கற்றுக்கொண்டவர். இன்றைக்கும் அவளைக் கண்டால் அவர் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

"அக்... அக்... ஹச்! அக்கா! இது... ஹச்! சட்டப்படி..."

"முதல்ல மூக்கைத் துடைங்க தம்பி."

"பயங்கர ஜலதோஷம்க்கா. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒண்ணாத்தான் இருக்கு எனக்கு. சட்டப்படி இதெல்லாம் எவிடென்ஸ். நீங்க தொடக்கூடாது."

"எவிடென்ஸ்னா அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருக்கணும். காலி பாட்டிலை மட்டும் எடுத்துக்கிட்டு, தற்கொலைன்னு எழுதி ஃபைலை மூடினது யாரு?"

இன்ஸ்பெக்டர் பதிலுக்கு ஒரு தும்மல் போட்டார்.

கியரக்கா மேஜைமேல் ஒரு பாட்டிலை வைத்தாள். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இதுல விஷம் இருந்தா நான் சாவேன். மாமா கோழைன்னு ஊர் சொல்றது நிஜம்னு ஆகும். நான் சாகலைன்னா, இந்த பாட்டிலுக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தமில்லை. அப்ப அவர் தானா சாகலை. யாரோ கொன்னிருக்காங்க!"

நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி! அப்பா போனது போதும். நீங்களும் போயிட்டா எனக்குத் தாய்வீடுன்னு யாரு இருக்கா?"

"உங்கப்பா எனக்கு விஷம் வெச்சிருப்பார்னு நீ நம்பறியாடி?"

நாத்தனார் பிடித்த கையை விட்டாள்.

"நான் நம்பல. அவ்வளவுதான் கணக்கு."

"லேப் ரிப்போர்ட் வரட்டும்க்கா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வர்றதுக்குள்ள எத்தனை வாய் மாமாவைப் பத்திப் பேசும்? நேத்து கடையில சோப்பு வாங்கப் போனா, 'மருந்து குடிச்சவர் மருமக'ன்னு எனக்குப் பேர் வெச்சிருக்காங்க!"

மாப்பிள்ளை மெதுவாக முன்னே வந்தார். நெற்றியில் வியர்வை.

"தங்கச்சி, பிடிவாதம் நல்லதில்லை. உயிரோட விளையாடாதே. பெட்டியை என்கிட்ட கொடுத்துடு, தலையைச் சுத்தி எறிஞ்சிடறேன்."

"தள்ளுங்கண்ணா!"

அவள் மெழுகை உடைத்தாள். தக்கையைத் திருகினாள். 'பொளக்'கென்று அது வெளியே வந்தபோது மாப்பிள்ளையின் முகம் பல்லைப் பிடுங்கியதுபோல் சுருங்கியது.

மச்சினன் வாசல் நிலைக்கு வெளியே நின்று, மூக்கில் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டான். "இன்ஸ்பெக்டர் சார்! பார்த்துக்கிட்டே இருக்கீங்களே! பிடிங்க சார் அண்ணியை!"

பொன்னிறமாக டம்ளரில் இறங்கியது. பாதி... முக்கால்...

கியரக்கா ஆயுசில் விஸ்கியை முகர்ந்து பார்த்ததுகூடக் கிடையாது. டம்ளரைத் தூக்கினாள். பயம் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"மாமா... உங்க பேர்ல!"

உதட்டுக்கு ஒரு விரற்கடை...

"அண்ணீஈஈ!"

வாசலிலிருந்து மச்சினன் பாய்ந்தான்! ஆயுசில் ஒரு டம்ளர் சரக்கையும் வீணாக்காத கை, அவள் கையிலிருந்த டம்ளரை ஓங்கித் தட்டியது. டம்ளர் பறந்தது. சுவரில் மோதிச் சிதறியது. அவன் போய் மேஜையில் இடித்த இடியில் மேஜை ஆட, பாட்டில் சாய, நாத்தனார் அலற, இன்ஸ்பெக்டர் தும்ம... எல்லாம் ஒரே நொடியில்!

மூன்று பேர் கியரக்காவைத் தாங்கிப் பிடித்தார்கள்.

"குடிச்சிட்டீங்களா அண்ணி? துப்புங்க! துப்புங்க!" மச்சினன் அழுதேவிட்டான். "நான் ஒரு உதவாக்கரை அண்ணி. ஆனா எனக்கு சோறு போட்டது நீங்கதான். நீங்க சாகக்கூடாது!"

"உள்ள போகலடா. விடு... மூச்சு முட்டுது."

அப்போதுதான் அவள் பார்த்தாள்.

மூன்று பேர் அவளைப் பிடித்திருந்தார்கள். நான்காவது ஆள் எதைப் பிடித்திருந்தார்?

பாட்டிலை!

மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டிருந்தார். உருண்ட பாட்டிலைப் பச்சைக் குழந்தையைப்போல் இரண்டு கையாலும் அணைத்து, கட்டைவிரலால் அதன் வாயை அடைத்திருந்தார்.

"அண்ணா..."

"ம்... ம்?"

"நான் சாகக் கிடக்கேன். நீங்க பாட்டிலைப் பிடிக்கறீங்க!"

மாப்பிள்ளை எச்சில் விழுங்கினார். "கார்ப்பெட்... கார்ப்பெட்ல கொட்டினா கறை போகாது தங்கச்சி. தொழில் புத்தி... கை தானாப் போயிடுச்சு."

"ஓஹோ! விஷம் தோய்ஞ்ச விரலைச் சட்டையில வேற துடைக்கறீங்க?"

இன்ஸ்பெக்டரின் தும்மல் பாதியில் நின்றது.

கியரக்கா அலமாரியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள். அதைத் திறந்துகொண்டே சமையலறைத் தொட்டிக்கு நடந்தாள். பாட்டிலைக் குழாய்க்குக் கீழே சாய்த்துப் பிடித்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரிண்ணா. விஷத்தை வீட்ல வெச்சிருக்கக்கூடாது. எல்லாத்தையும் இங்கயே கொட்டிடறேன்."

"இங்க வேணாம் தங்கச்சி, நான் எடுத்துட்டுப் போய்..."

"கொட்டறதுன்னா எங்க கொட்டினா என்ன?"

'குளுக்'கென்று கொஞ்சம் தொட்டியில் விழுந்தது.

"வேணாம்!"

'குளுக்... குளுக்...'

"அடிப் பாவி! நிறுத்துடி! அது பொன்னுடி! நாற்பது வருஷத்துச் சரக்கு! ஒரு சொட்டுக்கூட கலப்படம் இல்லாத சுத்தமான சரக்கு!"



கியரக்கா பாட்டிலை நிமிர்த்தினாள்.

"சுத்தமான சரக்கா? ஊசி போட்டு மருந்து ஏத்தினதா மாமா உங்ககிட்ட சொன்னாரே... அது?"

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவர் சொல்லவே இல்லை. நீங்களாக் கட்டின கதை. நான் பயந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்துடுவேன்னு பார்த்தீங்க." அவள் ஒவ்வொரு அடியாக முன்னே வந்தாள். "தம்பி, மாமா கடைசியா என்ன சொன்னார்? 'மருந்து குடிச்சேன்'னார். நாம எல்லாரும் அதுக்கு ஒரே அர்த்தம்தான் எடுத்தோம். பாழாப்போன நம்ம பேச்சு அப்படி! ஏன்... இருமல்காரக் கிழவன் மருந்து குடிச்சேன்னா, மருந்து குடிச்சேன்னு அர்த்தமா இருக்கக்கூடாதா?"

இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார். "அப்ப... குடிச்சது டானிக்கா?"

"மருந்தும் மாத்திரையும் வாங்கிக் கொடுக்கிறது நான்தான். நான் டானிக் எதுவும் வாங்கித் தரல."

நாத்தனார் மெல்ல நிமிர்ந்தாள். கண்ணீர் நின்றிருந்தது. குரல் மட்டும் நடுங்கியது.

"ஏங்க..."

"நீ சும்மா இரு!"

"அன்னைக்குக் காலையில... 'உங்கப்பா இருமறார், புது டானிக் கொடுத்துட்டு வரேன்'னு கிளம்பினீங்களே... நம்ம டிரை கிளீனிங் கடையிலேர்ந்து நீங்களே ஒரு பாட்டில் கொண்டு வந்தீங்களே... 'மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கச் சொல்லியிருக்கேன்'னு..."

"வாயை மூடுடி!"

"சாவுக்கு வந்ததும் நேரா அப்பா ரூமுக்குத்தான் நீங்க போனீங்க. நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள வெளிய வந்துட்டீங்க. அப்ப எடுத்தீங்களா அந்த பாட்டிலை?"

மாப்பிள்ளை வாசலைப் பார்த்தார். வாசலில் மச்சினன் நின்றான். ஒரு கையில் மூக்குக் கைக்குட்டை, இன்னொரு கையில் பூட்டுப் போடும் இரும்புப் பட்டை!

"நகருங்க மாமா பார்ப்போம். இன்னைக்கு நான் குடிக்கவே இல்லை. குறி தப்பாது!"

அத்தனை நாள் மடிப்பும் ஒரு நொடியில் கலைந்தது.

"ஆமாய்யா! நான்தான்! கறை எடுக்கிற மருந்தை டானிக்ல கலந்தேன்!" மாப்பிள்ளை கத்தினார். "வாங்கறதுக்கு ஆளைப் பிடிச்சுட்டேன். கிழவன் கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். 'வித்துடுங்க மாமா, ஆளுக்குப் பாதி'ன்னேன். சிரிக்கிறான்! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறான்! 'இது விக்கிற சரக்கு இல்ல மாப்ளே'ங்கறான்! செத்தா என் பொண்டாட்டிக்கு வரும்னு பார்த்தேன். மருமகளுக்கு எழுதி வெச்சிருக்கான்!"

பளார்!

அறைந்தது நாத்தனார். அறைந்த கையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கியரக்கா அவளைத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். இரண்டு பெண்களும் அழுதார்கள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "கடையைச் சல்லடை போட்டுத் தேடச் சொல்றேன். அந்த டானிக் பாட்டில் எங்க போயிடும்? ஹச்! நடய்யா!"

வாசலில் நின்ற ஜீப்பில் மாப்பிள்ளை ஏற்றப்பட்டார். ஹால் ஜன்னலுக்கு நேர் கீழே ஜீப்.

---

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க," திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "உங்க மாமா தற்கொலை பண்ணிக்கலைன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"கடையில சோப்பு விக்கிறவன்கிட்ட முதல்ல சொல்லுங்க."

கியரக்கா மேஜைக்குப் போனாள். புது டம்ளர் எடுத்தாள்.

"அண்ணி! மறுபடியுமா?" மச்சினன் பதறினான். "அதான் கேஸ் முடிஞ்சுதே!"

"கேஸ் முடிஞ்சா என்ன? குடிக்கப் போறேன்னு சொன்னேன். குடிப்பேன். இது என் மாமா எனக்குக் கொடுத்தது. குடிகாரின்னு சொல்றவன் சொல்லட்டும்."

ஊற்றினாள். தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு!

அப்படியே நின்றாள்.

கண்கள் திறந்தன. விரிந்தன. கை தொண்டைக்குப் போனது. முகம் கோணியது.

"ஐயோ! அண்ணி!" மச்சினன் அலறினான். "பாவி, இதுலயும் கலந்துட்டானா? டாக்டரைக் கூப்பிடுங்க சார்!"

"த... த..."

"என்ன அண்ணி? தண்ணி வேணுமா?"

"தண்ணிடா!"

"தண்ணிதான் அண்ணி, அதான் குடிச்சீங்க! முதல் தடவை அப்படித்தான் எரியும்!"

"எரியலடா மடையா! தண்ணி! குழாயைத் திறந்தா வருமே... அந்தத் தண்ணி!"

மச்சினன் மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்தான். பாட்டிலை முகர்ந்தான். ஒரு சொட்டை நாக்கில் வைத்தான். அவன் முகத்தில் படர்ந்த துக்கத்தை அப்பா செத்த அன்றுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சர்க்கரையைக் கருக்கிக் கலருக்குப் போட்டிருக்கார் அண்ணி..."

மிச்ச பாட்டில்களையும் வரிசையாக உடைத்தார்கள். எல்லாம் அதே!

நாத்தனார் அழுகைக்கு நடுவில் விக்கி விக்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். "எங்கம்மா... எங்கம்மா உயிரோட இருந்தவரைக்கும் தினமும் முத்திரையை எண்ணிப் பார்ப்பாங்க அண்ணி, அப்பா தொட்டாரான்னு! அவங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு எப்பவோ எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிருக்கார் மனுஷன்!"

"தண்ணியை ஊத்தி மெழுகையும் வெச்சு மூடியிருக்கார்! அன்னைக்கு என்னமோ பண்ணுதுன்னதும் அலமாரியிலேர்ந்து எடுத்துக் குடிச்சதும் இந்தத் தண்ணியைத்தான்!" கியரக்காவின் கண்ணில் நீர் வழிந்தது. உதட்டில் சிரிப்பு. "மாமா... நீங்க பொழைக்கத் தெரிஞ்ச ஆளு மாமா!"

"அப்ப அந்தாளு..." இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார், "குழாய்த் தண்ணிக்காகவா கொலை பண்ணினான்?"

அவர் குரல் கொஞ்சம் உரக்கவே ஜன்னலைத் தாண்டிப் போனது.

அடுத்த வினாடி, கீழே தடால்!

கான்ஸ்டபிள் ஓடிவந்தார். "சார்! சார்! நீங்க பேசினது காதுல விழுந்ததும் அக்யூஸ்ட் மயங்கிட்டான் சார்!"

"முகத்துல கொஞ்சம் தண்ணி தெளிய்யா!"

கியரக்கா பாட்டிலை எடுத்து கான்ஸ்டபிளிடம் நீட்டினாள்.

"இதைத் தெளிங்க தம்பி... நாள்பட்ட சரக்கு, எப்பேர்ப்பட்ட மயக்கமும் தெளிஞ்சிடும்!"